ஞாயிற்றுக்கிழமைக் குரல்

கண்டி ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் எங்களைத் தேடியபடி ஒரு அம்மா நின்றார். மரகதம் அண்ணி, என் கணவரின் ஒரே அக்கா. போட்டோவில் பார்த்த முகம்தான். ஆனால் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று போட்டோவில் தெரிந்ததில்லை.

இவர் தன் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டு வயதில். ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தோட்டத்துக் குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்துவிட்டார். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவர் கணவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார். அதன்பிறகு இங்கே உள்நாட்டுச் சண்டை வந்தது, கையில் காசில்லாத காலம் வந்தது, இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

செல்போன் வந்த பிறகுதான் இருவருக்கும் மறுபடி பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இவர் போனை எடுத்துக்கொண்டு, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போய்விடுவார். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது என்பார். சமையலறை ஜன்னல் வழியாக இவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். வீட்டுக்குள் நான் அதிகம் கேட்டிராத சிரிப்பு அது.

இவர் கெட்டவர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். என் கைக்குடை ஒடிந்தால் நான் கேட்காமலே சரிசெய்து ஆணியில் மாட்டிவைப்பார். வார்த்தைதான் வராது. நான் பள்ளிக்கூட டீச்சர், நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து வீட்டிலும் நானே பேசுவேன். இப்படியே இருபது வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

“இந்த வருசமும் வராட்டி இனிமே போன் பண்ணாத” என்று அண்ணி சண்டை போட்டதால்தான் இந்தப் பயணம். ஸ்டேஷனில் அழுகையும் சிரிப்புமாகப் பெரிய காட்சி ஒன்று நடக்கும் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அண்ணி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு முழங்கை. பிறகு தோள். உயரத்தைக் கையால் அளந்துகொண்டே போவது போல இருந்தது. இவர் கேட்டார்: “பஸ் எத்தன மணிக்குக்கா?”

அண்ணியின் கணவர் ஆறுமுகம் அண்ணன் எங்கள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தார். “இத்தன வருசம் கழிச்சுக் கேக்குற கேள்வியப் பாருங்க தங்கச்சி.”

அவர் நாவலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக்கடையில் எங்களுக்கு இடியப்பம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ப்போம். இங்கே மஞ்சளாக ஒரு சொதி, சிவப்பாக ஒரு சம்பல். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “காரமா, அக்காவப் பாத்த சந்தோசமா?” என்று அண்ணன் இவரைக் கேட்டார். இவர் “காரம்” என்றார்.

பஸ்ஸில் அக்காவும் தம்பியும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பின் சீட்டில் நானும் அண்ணனும். நாவலப்பிட்டி வரும்வரை முன் சீட்டில் பேச்சே இல்லை. டிரைவர் வைத்த சிங்களப் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணியின் வீடு ரயில் பாதைக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான்கள் நடுங்கும். மலை, பனி, தேயிலை எல்லாம் எங்கள் ஊர் மாதிரியேதான். ஆனால் இங்கே தேயிலை இவ்வளவு விளைந்தும் தேத்தண்ணியில் பால் கிடையாது. ஒரு கையில் கட்டிச் சர்க்கரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். முதல் நாள் எனக்குச் சர்க்கரை தீர்ந்த பிறகும் பாதி டம்ளர் மிச்சம் இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு. அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணியின் கையைப் பிடித்தார். “இந்தக் கை பட்டாத்தான் தங்கச்சி எனக்குச் சோறு எறங்கும். கட்டுன நாள்லேருந்து சொல்றேன், சலிக்கவே இல்ல.”

“விடுங்க, எச்சக் கை” என்று அண்ணி உதறினார். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டேன். இவரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அண்ணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: “ஏன் கலா, அந்தப் பச்சச் சேலயக் கொண்டாரலயா?”

“எந்தப் பச்சைச் சேலை அண்ணி?”

“அதான், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கட்டுனியாமே. மயில் கழுத்துக் கலரு. அதக் கட்டிக்கிட்டு நீ வாசப்படி எறங்குனத தம்பி அம்புட்டு நேரம் சொல்லுச்சு. இந்த வயசுலயும் இப்பிடி ஒரு அழகா அக்கானு கேட்டுச்சு.”

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. படியிறங்கும்போது இவர் என்னிடம் சொன்னது “மழை வரும், குடை எடுத்துக்கோ” என்பதுதான்.

“வேற என்ன அண்ணி சொல்லுவாரு?”

“என்ன சொல்லாது? ஞாயித்துக்கெழமயானா உன் கததான். பரீட்சப் பேப்பர் திருத்தும்போது பேனாவக் கடிப்பியாம். தூக்கத்துல புள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பியாம்.” அண்ணி சிரித்தார். பிறகு கை நின்றுவிட்டது. “உனக்கு மாருல கட்டினு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களே, ஆபரேசனுக்கு மொத நாளு, அன்னைக்குத்தான் நான் பயந்துட்டேன். மாடிப்படியில ஒக்காந்துகிட்டுக் கூப்புட்டுச்சு. பேச்சே வரல. நான் தம்பி தம்பினு கத்துறேன். கடேசியா ஒன்னே ஒன்னு கேட்டுச்சு. கலா இல்லாட்டி நான் யாரு அக்கானு.”

இரண்டு வருடத்துக்கு முன் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். ஆனால் அது தெரிவதற்கு முந்தைய நாட்களை நான் மறக்கவில்லை. ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதும், திரும்பக் கொண்டுவரும்போதும் இவர் அதே நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்துகூட வரவில்லை. நெற்றியில் ஒரு கை வைத்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டு படுத்திருந்தேன். “வலிக்குதா?” என்று கேட்டுவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார். இவருக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். இந்த இரண்டு வருடமும் அந்த முடிவோடுதான் இவருக்குச் சோறு போட்டேன்.

அண்ணி சொன்னதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

“இதெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது அண்ணி. கடல் தாண்டி உங்ககிட்ட வந்து சேந்திருக்கு.”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். “உன்கிட்டயும் சொல்லியிருக்கும்னுதான் கலா நெனச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் மாவையே அழுத்திக்கொண்டிருந்தார். “நான் மட்டும் என்னத்தக் கண்டேன்? போன்ல அப்பிடிப் பேசுன புள்ள, நேர்ல வந்ததுலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்குது. அந்தக் கதிரையில ஒக்காந்து நானும் அதுவும் ரயிலப் பாத்துக்கிட்டு இருக்கோம். அது வராமலே இருந்திருக்கலாமோனு தோணுது. போன்ல இருந்த தம்பி எங்க போச்சுனு தேடுறேன்.”

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம். இவர் பக்கத்து அறையில் பழுதான மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் ஹேவாஹெட்டைக்குப் போனோம். அண்ணிக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. நாங்கள் இருவர் மட்டும் கண்டி போய் பஸ் மாறினோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போது கண்டக்டர் கதவுக்கு வெளியே பாதி உடம்போடு தொங்கினார். கடைசிப் பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு ஆட்டோ. ஏற்றத்தில் அது மூச்சு வாங்கத் தொடங்கியது. ஓட்டியவர் எங்களை இறக்கிவிட்டு, “நீங்க நடங்க, மேல வந்து ஏத்திக்கிறேன்” என்றார். கடைசிவரை நடந்துதான் போனோம். அவர் காலி ஆட்டோவோடு பின்னால் வந்தார்.

இவர் பிறந்த லயத்தில் இப்போது வேறு குடும்பம். தகரக் கூரைமேல் கல் வைத்த வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. வேலைக்குப் போகாமல் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எங்களை “வாங்க” என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். “மாமா இங்கதான் பொறந்தாங்களா? இந்தக் காம்புராவுலயா?” என்று கேட்டாள். காம்புரா என்றால் அறை. இவர் தலையை ஆட்டினார். குழந்தை இவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அது விடும்வரை இவர் விரலை எடுக்கவில்லை.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் நின்றார். பள்ளத்தாக்கு முழுவதும் பனி ஏறிக்கொண்டிருந்தது. இதுதான் சமயம் என்று பட்டது. பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: “இப்ப உங்களுக்கு என்ன தோணுது?”

இவருடைய உதடு அசைந்தது. ஏதோ வந்துவிட்டது என்றே நினைத்தேன். “மழை வரும் போல” என்றார். ஆட்டோவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அன்று திரும்பி வந்த வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாவிட்டால் எங்களுக்குள் பேச்சே இருக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் ஊருக்குச் சாமான் வாங்க மறுபடி கண்டிக்கு வந்தோம். வேலை சீக்கிரம் முடிந்துவிட, ஊர் நடுவே இருக்கும் வாவியைச் சுற்றி நடந்தோம். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் பெஞ்சுக்கு ஒரு குடை விரிந்திருந்தது. ஒவ்வொரு குடைக்குள்ளும் ஒரு ஜோடி. முதுகும் குடையும்தான் தெரிந்தன. எங்கள் ஊட்டி ஏரிக்கரையில் இப்படி உட்கார்ந்தால் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு குடைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் சிங்களத்தில் படபடவென்று வந்தது. பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த பெரியவர், வேர்க்கடலையை அப்படித்தான் சொல்கிறார்கள், நான் காதைத் தீட்டுவதைப் பார்த்துவிட்டார். “நேத்து ஏன் பேசலன்னு கேக்குது அந்தப் புள்ள” என்று மொழிபெயர்த்தார். “அவன் சார்ஜ் இல்லன்னு சொல்றான். சும்மா பொய்.”

இவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். உடனே இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அந்தக் குடைகளில் ஒன்றை எங்களுக்கும் யாராவது பிடித்தால் தேவலை என்று இருந்தது. அதற்குள் உட்கார்ந்து சண்டை போட்டால்கூடப் போதும்.

திரும்பும்போது ரயில். பேராதனைச் சந்தியில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவர் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டு விற்றுக்கொண்டு போனார். “நல்லா இருக்கும் போலயே” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர் எழுந்து இறங்கிப் போனார். அன்னாசிக்காரர் அதற்குள் கடைசிப் பெட்டி வரை போய்விட்டிருந்தார். இவர் அவர் பின்னாலேயே போனார். ரயில் கிளம்பிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். இவர் கையில் ஒரு பையோடு ஓடிவருவது தெரிந்தது. பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டு நின்றார். சின்னதாகிக்கொண்டே போனார்.

என் எதிரே முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். “என்ன தாத்தா, மாப்புள ரயில உட்டுட்டாரா?” என்று கேட்டாள். எனக்கு ஐம்பது வயது ஆகிறதுதான், ஆனாலும் தாத்தாவா என்று அந்தக் கலக்கத்திலும் திகைத்தேன். இங்கே முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். “பயப்படாதீங்க. கம்பளைல எறங்கி நில்லுங்க. பஸ் நெறய ஈக்கிது, வந்து சேந்துருவார்.”

அண்ணன் எங்கள் இருவருக்கும் உள்ளூர் சிம் வாங்கிக் கொடுத்திருந்தார். போன் அடித்தது.

“சாமான் பை உன்கிட்டதான இருக்கு?” என்றார் இவர். மூச்சு வாங்கியது.

“இருக்கு. நான் கம்பளையில இறங்கிக்கிறேன். நீங்க பஸ்ல வாங்க.”

“சரி.” ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வெளியே மகாவலி ஆறு பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரியில மாடிப்படியில உக்காந்து அக்காகிட்டப் பேசினீங்களாமே” என்றேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“எங்கிட்ட ஏங்க வரல? நான் அங்கதான படுத்திருந்தேன்?”

“ஆபரேசனுக்கு முன்னால உன் வளையலக் கழட்டி எங்கிட்டக் குடுத்தாங்க” என்றார். குரல் வேறாக இருந்தது. கோத்தகிரியில் சமையலறை ஜன்னல் வழியாக நான் கேட்கும் குரல். “சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். எந்திரிச்சு நடந்தா அது சத்தம் போட்டுச்சு கலா. நீ அடுப்படியில நடக்குற மாதிரியே. என்னால முடியல. அதான் எந்திரிக்காம உக்காந்தே இருந்தேன். உன்னத் தள்ளிட்டு வந்தப்பவும் எந்திரிக்கப் பயமா இருந்துச்சு.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த பெண் நாகரிகமாக வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

“இத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“போன்ல மொகம் தெரியாதுல்ல” என்றார். “மொகத்தப் பாத்தா எனக்கு வார்த்த வராது. அக்காவ விட்டுட்டுக் கப்பலுக்குக் கெளம்புனப்பவே அப்பிடித்தான். அவ அழுதுகிட்டு நிக்கிறா, போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்த எனக்கு வரல. நேத்துக் குழாயடியில நீ கேட்டியே, அப்பவும் வாய் வரைக்கும் வந்துச்சு.”

“என்ன வந்துச்சு?”

“இந்த எடத்துக்கு உன்னக் கூட்டிட்டு வந்துட்டேன்னு.”

ரயில் சத்தத்தில் அடுத்த வார்த்தைகள் உடைந்தன. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். கம்பளை இன்னும் தூரத்தில் இருக்கக்கூடாதா, இவருக்கு அந்த பஸ் வராமல் போயிருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. தொலைந்து போனால்தான் இவர் கிடைப்பார் என்றால் நான் எத்தனை ஸ்டேஷனிலும் தொலையத் தயாராக இருந்தேன்.

கம்பளையில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து இவர் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் அன்னாசிப் பை. என்னைப் பார்த்ததும் நடை மெதுவானது. என் முகத்தைப் பார்த்தார். இவருடைய முகம் பழையபடி மூடிக்கொள்வதை நான் கண்ணெதிரே பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பையை என் மடியில் வைத்தார்.

நேற்றைக்கு என்றால் எனக்கு ஆத்திரம் வந்திருக்கும். இன்றைக்கு நான் பெஞ்சில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தேன். என் முதுகுதான் இவருக்குத் தெரியும். எதிரே ஈரமான தண்டவாளம், அதற்கு அப்பால் ஒரு மதிற்சுவர். அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “நான் திரும்ப மாட்டேன். சொல்லுங்க.”

ஒரு சரக்கு வண்டி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் முடிந்தது. பிறகு இவர் பேசத் தொடங்கினார். முதலில் அன்னாசிக்காரர் மீதிச் சில்லறை தேடி நேரமாக்கியதைச் சொன்னார். பிறகு லயத்தில் அம்மா எந்த மூலையில் படுப்பார் என்று. பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது கேட்டதாம். அந்தக் குரல் வீட்டில் இருந்தால் போதும், தான் பேசவே வேண்டியதில்லை என்று நினைத்தாராம். சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் கை என் முதுகில் வந்து படிந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது இவருடைய முகம் எப்படி இருக்கும்? கண் கலங்கியிருக்குமா, சிரித்துக்கொண்டிருப்பாரா? இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் நான் பார்த்திராத முகம், ஒரு முழத் தூரத்தில் இருந்தது. திரும்பிவிட வேண்டும் போல் கழுத்து வலித்தது. நான் திரும்பவில்லை.

நாவலப்பிட்டிக்குப் போகும் ரயில் வந்து எங்கள் முன்னால் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள், யாரோ கூடைகளை ஏற்றினார்கள். நாங்கள் ஏறவில்லை. அது கிளம்பிப் போன பிறகும் இவர் பேசிக்கொண்டிருந்தார்.